அட்டைச் சாவி

ரந்தாவ் கடைத்தெருவில் ஹேமநாதனின் பேனர் கடைக்கு வராத முகமே கிடையாது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி, தேர்தல் காலம் வந்துவிட்டால் வேட்பாளர்களின் கும்பிட்ட கைகள், எல்லாம் அங்கே வேலை பார்க்கும் ஷெரிலின் கணினி வழியாகத்தான் வெளியே போகும். மாப்பிள்ளையின் பருவை அழிப்பாள். செத்துப்போனவரின் அடையாள அட்டைப் படத்தை வாங்கி, கோட்டும் டையும் மாட்டி, பின்னால் நீலவானம் வைத்துக் கொடுப்பாள். வாங்குகிறவர்கள் அழுதுகொண்டே, "அப்படியே உயிரோட இருக்காருமா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அது பிழைப்பு. அதற்கு அப்பால் அவளுக்கென்று ஒரு வேலை இருந்தது. பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் வருகிற படங்களை எடுத்துப் பிரித்துக் கோப்பாள். இடுப்பளவு வெள்ளத்தில் பாயைத் தலையில் வைத்து நிற்கும் குடும்பத்தை, ஆடம்பர அடுக்குமாடி விளம்பரத்தின் நீச்சல்குளத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துவாள். வெளிநாட்டுக் கூலியாள் ஒருவன் சாரத்திலிருந்து விழுந்த செய்திப் படத்தை, அதே கட்டடத்தின் திறப்புவிழாப் படத்தோடு ஒட்டுவாள். தன் முகநூல் பக்கத்தில் போடுவாள். சிலர் பாராட்டுவார்கள். சிலர் "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை" என்பார்கள். இரண்டையும் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஷெரில் பிறந்து வளர்ந்தது ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில். ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய், இப்போது மிஞ்சியிருப்பது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நான்கு வரிசை லயமும் ஒரு மாரியம்மன் கோயிலும் சின்னதாக ஒரு மாதா கெபியும்தான். தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியபோது, லயத்துக் குடும்பங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தரை வீடு கட்டித் தருவதாகச் சொன்னது. வாய்ச்சொல்லாக இல்லை, விழா எடுத்தே சொன்னது. கூடாரம் போட்டு, எல்லாருக்கும் பிரியாணி போட்டு, ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவி செய்து அதில் தங்கத்தாள் சுற்றியிருந்தார்கள். "யாராச்சும் ஒரு அம்மா வாங்க" என்று மேடையில் கூப்பிட்டபோது, லயத்துப் பெண்கள் மயிலம்மாளைப் பிடித்து முன்னே தள்ளினார்கள். கணவனை இழந்து ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள், முதல் சாவியை வாங்க அவளைவிடப் பொருத்தமானவர் யார் என்பது அவர்கள் கணக்கு. நிறுவனத்தின் இயக்குநர் சாவியை நீட்ட, மயிலம்மாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கைநீட்டி வாங்கினாள். மறுநாள் பத்திரிகையில் வண்ணப் படமாக வந்தது.

படம் எடுத்து முடிந்ததும் அந்த அட்டைச் சாவியைத் திரும்ப வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஊர் விழாவுக்கு வேண்டுமாம். அன்றைக்கு எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நிஜச் சாவிதான் பின்னால் வரப்போகிறதே என்ற சிரிப்பு.

தூண்கள் எழும்பின. பிறகு அதோடு நின்றன. ஆட்கள் போனார்கள், இயந்திரங்கள் போயின, லாலாங் புல் வந்தது. அந்த விழாவில் தாய் இடுப்பில் இருந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். லயத்துக் கூரை மட்டும் அதேபோல ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் பக்கத்து லயத்துப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டால் வீட்டில் ஒன்றும் உருப்படியாக இல்லை. "அந்தச் சாவி விழாவில சட்டை போட்டு நின்னாரே, அதுல தேடிப் பாரு" என்றாள் அவருடைய மகள். ஷெரில் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் தேடினாள். கிடைத்தது. கூட்டத்தின் ஓரத்தில் பெரியவர் கைதட்டிக்கொண்டு நின்றார். நடுவில் மயிலம்மாள், அட்டைச் சாவி, சிரிக்கிற இயக்குநர்.

பெரியவரின் தலையை வெட்டி எடுத்து நீலவானத்தில் வைத்துக் கொடுத்தாள். ஆனால் அந்தப் படத்தை மூட மனம் வரவில்லை. வீடு கிடைக்காமலே செத்துப்போனவர் அதில் கைதட்டிக்கொண்டிருந்தார். 

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கடைக்குப் போனாள். ஹேமநாதனிடம் கடைச் சாவி கேட்டபோதே என்ன செய்யப்போகிறாள் என்று சொல்லியிருந்தாள். அவர் தலையைச் சொறிந்தார். "என்னமோ செய்லா. ஆனா கடை பேரு எங்கேயும் வரக்கூடாது." ஓரத்துக் கூட்டத்தை விட்டுவிட்டு, மேடையை மட்டும் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பெரிதாக்கி அச்சடித்தாள். பத்திரிகைப் படத்தின் புள்ளிகள் மிளகு மிளகாகத் தெரிந்தன. தரையில் விரித்துப் போட்டு, முழங்காலிட்டு, அட்டைச் சாவியை மட்டும் அதன் வடிவத்திலேயே வெட்டி எடுத்தாள். அன்று சாயங்காலம் லயத்து ஆட்கள் சிலர் கைகொடுக்க, சாலையைப் பார்த்த வேலியில் அதைக் கட்டினாள். சாவி இருந்த ஓட்டை வழியே பார்த்தால், பின்னால் துருக்கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண்களும் அவற்றில் ஏறியிருந்த கொடிகளும் தெரிந்தன.

கட்டி முடித்துச் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தபோது, தான் இதுவரை செய்ததிலேயே உண்மையானது இதுதான் என்று ஷெரிலுக்குத் தோன்றியது. மயிலம்மாள் அன்றைக்குக் கோலா பிலாவில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். கேட்க வேண்டும் என்ற நினைப்பே ஷெரிலுக்கு வரவில்லை. பத்திரிகையில் வந்த படந்தானே.

யாரோ ஒரு லோரிக்காரர் அதைப் படம் எடுத்துப் போட்டார். இரண்டு நாளில் அது நாடு முழுக்கச் சுற்றியது. பத்திரிகைகள் தூண்களைத் தேடி வந்தன. நிறுவனத்திலிருந்து ஆள் வந்து அவசர அவசரமாகப் புல்லை வெட்டினான். லயத்தில் எல்லாரும் ஷெரிலைக் கண்டால் தோளில் தட்டினார்கள்.

ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "அட்டையக் குடுத்தாலும் பல்லிளிச்சிக்கிட்டு வாங்கும் நம்ம ஜனம்" என்று ஒருவர் எழுதினார். "பல்லப் பாரு, ஏமாறுறதுல என்னா சந்தோசம்" என்று இன்னொருவர். பிறகு யாரோ ஒரு குறும்புக்காரன் சாவி இருந்த ஓட்டையில் ஒரு பெரிய கருவாட்டை வைத்துப் படம் போட்டான். அதைப் பார்த்து வேறொருவன் பிரமாண்டமான உளுந்து வடையை வைத்தான். ஷெரில் ஓட்டை போட்டுக் கொடுத்தது எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. இயக்குநரை வெட்டிவிட்டு மயிலம்மாளும் வடையும் மட்டும் இருக்கிற படங்கள் வந்தன. வடைப் படத்தை முதல்முதலாகப் பார்த்தபோது ஷெரிலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் சுருக்கென்றது.

மயிலம்மாள் தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறாள். புதன்கிழமை மத்தியானம் கேண்டீன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பேனர் கடைக்கு வந்தாள். ஷெரில் எழுந்து நாற்காலியைத் தள்ளினாள். அவள் உட்காரவில்லை.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசையில நின்னு, 'பாட்டி, ஒரு பெரிய வடை'ன்னு கைய விரிச்சுக் காட்டுதுங்க. எனக்கு மொதல்ல புரியல. ஒரு டீச்சரம்மாதான் போன்ல காட்டினாங்க."

"பெரியம்மா, நான் உங்கள கேலி பண்ணல. அந்தக் கம்பெனியத்தான்..."

"கம்பெனிய யாரு பாத்தா? எல்லாரும் என் பல்லத்தான் பாக்குறாங்க."

"அது பத்திரிகையில வந்த படந்தானே..."

"பத்திரிகைக்காரன் கேட்டான்லா. 'அம்மா, ஒரு படம் எடுத்துக்கிறேன்'னு கேட்டான். நான் முந்தானைய சரிபண்ணிக்கிட்டு நின்னேன். நீ கேட்டியா? என் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவுல ரெண்டே ரெண்டு வாசல்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஷெரிலுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நான் நம்புனேன் ஷெரிலு. நம்புனதுனாலதான் சிரிச்சேன். அத எடுத்து ரோட்டுல கட்டிட்டியே."

ஹேமநாதன் அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். மயிலம்மாள் போன பிறகும் வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை.

அன்றே இன்னொரு அடியும் விழுந்தது. மயிலம்மாளின் மகன் தேவன் போர்டிக்சனில் அதே நிறுவனத்தின் மாதிரி வீட்டைக் காக்கிற ஜாகா வேலை பார்த்தான். "படத்துல இருக்கிறது உங்கம்மாவா?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஷெரில் வீடு திரும்பும்போது அவன் மோட்டாரை லயத்து முனையில் நிறுத்திவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கு மிதித்தவன்.

"அண்ணே..."

"உனக்கு நாலு பேரு கைதட்டுறாங்க. எனக்கு வேலை போச்சு. எங்கம்மாவுக்கு மானம் போச்சு. போம்மா, போயி இன்னும் நல்லா படம் பண்ணு."

இருட்டுவதற்குள் ஷெரில் தனியாகப் போய்ப் பேனரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் லயத்து ஆட்கள் கொதித்துப் போனார்கள். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஒருத்தன் எட்டிப் பார்த்தான், அதற்குள் ஏன் கழற்றினாய் என்று கேட்டார்கள். கம்பெனி உனக்கு ஏதாவது கொடுத்ததா என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார். நேற்றுத் தோளில் தட்டிய அதே கை.

அந்த நேரம் பார்த்துத்தான் நிரஞ்சனாவும் அழைத்தாள். சிரம்பானில் கலைக்கல்லூரி விரிவுரையாளர், கண்காட்சிகள் நடத்துகிறவள். பத்திரிகைப் படங்களைக் கொண்டு செய்த படைப்புகளை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்வதாகவும், அதன் நடுவில் ஷெரிலின் படம் வேண்டும் என்றும் சொன்னாள்.

"ஆனா அந்த அம்மா வருத்தப்படுறாங்க மேடம். அவங்க முகத்த எடுத்துடலாமான்னு பாக்குறேன்."

"ஐயோ, அந்தச் சிரிப்புதான் ஷெரில் உங்க படத்தோட உயிர். பத்திரிகையில வந்த ஒரு படத்த எடுத்து அதுக்கு வேற அர்த்தம் கொடுக்கிறது கலைஞருடைய உரிமை. எல்லார்கிட்டயும் அனுமதி கேட்டுக்கிட்டிருந்தா யாரும் எதையும் செய்ய முடியாது."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஷெரில் போனை வைத்தாள். போன வாரம்வரை அவளே அப்படித்தான் பேசியிருப்பாள். சாரத்திலிருந்து விழுந்தவனின் படத்தை எடுத்து ஒட்டினாளே, அவனுக்கும் எங்கோ ஒரு தாய் இருந்திருப்பாள். அந்தத் தாய் ரந்தாவ் வந்து கேட்க மாட்டாள் என்பதுதான் வித்தியாசம். அன்றைக்கு அவள் தன் பக்கத்தைத் திறந்து பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விளம்பரத்திலிருந்து எடுத்த முகங்கள் காசு வாங்கிக்கொண்டு சிரித்தவை. செய்தியிலிருந்து எடுத்த முகங்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டையும் ஒரே கத்தரிக்கோலால்தான் வெட்டியிருந்தாள். வெள்ளத்தில் நின்ற குடும்பத்தின் படத்தை எடுத்துவிட்டாள். விழுந்தவனின் படத்தையும் எடுத்துவிட்டாள். சரியா தவறா என்று தெரியவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு தப்புதானே என்று ஒரு குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். பேனரைத் திரும்ப மாட்டுவதா வேண்டாமா என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஷெரில் எழுந்து, "பெரியம்மாவக் கேக்காம செஞ்சது என் தப்பு. அவங்க வேணாம்னா நான் மாட்ட மாட்டேன்" என்றாள். எல்லாத் தலைகளும் மயிலம்மாளின் பக்கம் திரும்பின.

 அவள் மகனைப் பார்த்தாள். தேவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாட்டு," என்றாள். "என்னைய எடுத்துட்டு மாட்டு."

ஞாயிறன்று கடைக்கு இருவருமாகப் போனார்கள். பேனரைத் தரையில் விரித்ததும் மயிலம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நடந்து தன் படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இவ்வளவு பெரிதாகத் தன்னை அவள் அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் இருந்திருக்கேன்," என்றாள்.

 ஷெரில் கட்டரை எடுத்து, படத்தின் கொண்டையில் தொடங்கினாள். கழுத்து, தோள், சேலையின் மடிப்பு என்று மெதுவாக இறங்கினாள். வெட்ட வெட்ட, தன் படத்தைத் தானே பாழாக்குகிறோம் என்ற நினைப்புத்தான் அவளுக்கு இருந்தது. நிரஞ்சனா சொன்னது காதில் ஓடியது. மயிலம்மாள் குந்தி உட்கார்ந்து, வெட்டிய பகுதி சுருளாமல் பிடித்துக்கொண்டாள். கைக்கு வந்ததும் ஷெரில் நிறுத்தினாள். சாவியைக் கொடுக்கும் இயக்குநரின் கைக்குள் மயிலம்மாளின் விரல்கள் பின்னிக் கிடந்தன. எங்கே வெட்டினாலும் ஒருவருடைய கை துண்டாகும்.

"அவரு கையோட சேத்து வெட்டிடவா, பெரியம்மா?"

மயிலம்மாள் குனிந்து பார்த்தாள். "விரல் இருக்கட்டும். கைநீட்டி வாங்குனது நெசந்தானே. அத நான் இல்லைன்னு சொல்லல."

மணிக்கட்டோடு ஷெரில் கட்டரைத் திருப்பினாள்.

வெட்டி எடுத்த உருவத்தை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "எனக்குக் குடு" என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அதை என்ன செய்தாள் என்று ஷெரில் கேட்கவில்லை.

மறுபடி வேலியில் கட்டியபோது படம் வேறாக இருந்தது. இயக்குநரும் சுற்றி நின்ற பெரிய மனிதர்களும் குனிந்து, இல்லாத ஒருத்தியைப் பார்த்துக் கனிவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கையில் கறுத்த விரல்கள் மட்டும் ஒட்டியிருந்தன. ஒரு பெண்ணின் உருவத்தில் தூண்களும் புல்லும் வானமும் தெரிந்தன. பேருந்தில் போகிறவர்கள் இப்போதும் பார்த்தார்கள். யாரும் சிரித்து ஷெரில் பார்க்கவில்லை. பழைய வடைப் படங்கள் போனிலிருந்து ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆனால் புதிதாக எதுவும் வரவில்லை. வெட்டியெடுத்துக் கேலி செய்ய அதில் ஏழை முகம் ஒன்றும் மிச்சமில்லை.

புதுப் படத்தைப் பார்த்து நிரஞ்சனா முதலில் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு இதையே வைத்துக்கொள்ளலாம், இதேபோல இன்னொரு பிரதி கொண்டு வாருங்கள் என்றாள். ஷெரில் கொண்டுபோனாள். கண்காட்சிக் கூடத்தின் வெள்ளைச் சுவரில் அதை மாட்டிப் பார்த்தார்கள். ஓட்டைகள் வழியே சுவர் தெரிந்தது. வெறும் வெள்ளை. படம் செத்துக் கிடந்தது.

"பின்னால தூண்களோட ஃபோட்டோ ஒண்ணு ஒட்டிடலாமா?" என்று நிரஞ்சனா கேட்டாள்.

"வேணாம் மேடம். அங்கேயே இருக்கட்டும். பாக்கணும்னு நினைக்கிறவங்கள அங்க அழைச்சிட்டு வாங்க."

நிரஞ்சனா சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து, வேன் ஏற்பாடு செய்திருப்பதாகச் செய்தி அனுப்பினாள்.

இதற்கிடையில் நிறுவனம் லயத்து ஆட்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. இரண்டு முறை உட்கார்ந்தார்கள். வீடு இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள், வராது என்கிறார்கள். தேவனுக்குக் கடற்கரை விடுதி ஒன்றில் ஜாகா வேலை கிடைத்தது, ஆனால் முன்பைவிடத் தூரம். ஷெரிலைக் கண்டால் தலையசைக்கிறான். பேசுவதில்லை.

சனிக்கிழமை காலை சிரம்பானிலிருந்து வேன் வந்தது. கல்லூரி மாணவர்களும் சில பெரியவர்களுமாக இறங்கி வேலியோரம் நின்று பார்த்தார்கள். லயத்துப் பெண்கள் சாயா போட்டுக் கொண்டுவந்தார்கள். மயிலம்மாளும் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். ஒரு பெண் சாயாவை எடுத்துக்கொண்டு, அந்த ஓட்டையைக் காட்டிக் கேட்டாள்.

"இங்க யாரு ஆன்ட்டி நின்னாங்க?"

ஷெரில் ஓரடி முன்னே வந்தாள். குறுக்கே பேசிவிடலாமா என்று பார்த்தாள். மயிலம்மாள் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள்.

"நான்தான்."

அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்தன. கை தானாகப் போனை எடுத்தது. பிறகு தயங்கி, "ஒரு படம் எடுத்துக்கலாமா ஆன்ட்டி?" என்றாள்.

மயிலம்மாள் யோசித்தாள்.

"வேணாம்மா," என்றாள். "அந்தப் பக்கம் வேலி பிரிஞ்சிருக்கு. வா, உள்ள போயி எங்க வீட்டக் காட்டுறேன். எனக்கு மூணாவது வரிசையில முனை வீடுன்னு சொன்னாங்க."

சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அந்தப் பெண் பின்னால் போனாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கோப்பையோடு கிளம்பினார்கள். ஷெரில் கடைசியாகப் போய், வேலிக் கம்பியை எல்லாருக்கும் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.